இலவசப் பிரசுரங்களை மின்னஞ்சல் வழியே புதுச் சந்தாதாரர்க்குத் தாமதமின்றிச் சேர்ப்பிக்கும் முறை

திருவண்ணாமலை ஜில்லாவில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலையை மானாவாரியாக விதைத்த குடியானவருக்கு, முதற் கனமழைக்குப் பின் வரும் சில இரவுகள் மிகவும் முக்கியமானவை. சிவப்புக் கம்பளிப் பூச்சியின் அந்துகள், மண்ணுக்குள் கூட்டுப் புழுவாய் உறங்கிக் கிடந்து, மழையின் ஈரம் பட்டதும் வெளிப்பட்டு, இலைகளின்மேல் குவியல் குவியலாக முட்டையிடுகின்றன. அந்த இரவுகளில் விளக்குப் பொறி வைத்தும் வரப்போரம் தீ மூட்டியும் அந்துகளைக் கவர்ந்து அழித்து, அடுத்த நாட்களில் முட்டைக் குவியல்களையும் கூட்டமாய் இருக்கும் இளம் புழுக்களையும் இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் செலவு சொற்பமே. புழு வளர்ந்து, ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் படையெடுக்கத் தொடங்கிய பின்னர் எந்த உபாயமும் அரை உபாயமேயாகும். ஆகவே இப்பூச்சியைக் குறித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கேட்ட குடியானவருக்கு அது பத்தாம் நாள் வந்து சேருமாயின், அப்பிரசுரம் அச்சிட்ட காகிதத்தின் விலையும் பெறாது.

1950-ஆம் ஆண்டிற்கு முன்னர் சென்னை மாகாண விவசாய இலாகாவினர், தமிழ் முதலிய பாஷைகளில் துண்டுப் பிரசுரங்களையும் கிராமவாசிகளுக்கான பஞ்சாங்கத்தையும் அச்சிட்டு வழங்கி வந்தனர். இத்தகைய பிரசுரங்களை வேண்டுவோர் கார்டு எழுதுவதும், ஆபீஸ் குமாஸ்தா விலாசத்தை ரிஜிஸ்தரில் பதிந்துகொண்டு பிரசுரத்தை உறையிலிட்டுத் தபாலில் சேர்ப்பதும் வழக்கம். குமாஸ்தா ரஜாவில் இருந்தால் கார்டு மேஜையின்மேல் கிடக்கும். அதில் அவரைக் குறை கூற இடமில்லை. ஒரு மனிதர் செய்யத்தக்கது அவ்வளவே. இன்று அக்குமாஸ்தாவின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்க வழி ஏற்பட்டுள்ளது. ஒரு சங்கத்தின் செய்திமடலைப் பெற விரும்புவோர், தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் ஒரு படிவத்தில் பதிந்த சில நிமிஷங்களில், வாக்களிக்கப்பட்ட பிரசுரம் எவருடைய கையும் படாமல் அவரது கைப்பேசியை அடைந்துவிடுகிறது. பாதி இராத்திரியானாலும், பொங்கல் விடுமுறையானாலும் அது நிற்பதில்லை. இம்முறையை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், பெரு நிலக்கிழார்களும் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதும், இதில் மறைந்திருக்கும் அபாயம் யாது என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

பூர்வோத்தரம்

இது நூதனமான ஏற்பாடன்று. 1990-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சர்வகலாசாலையின் விவசாய விஸ்தரிப்புப் பகுதியினர் 'அல்மனாக்' என்றொரு யந்திர ஏற்பாட்டை உண்டாக்கினர். பஞ்சாங்கம் என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே. பிரசுரத்தின் பெயரைக் குறித்து, 'அனுப்புக' என்னும் ஒரு சொல்லுடன் அதன் முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினால், அப்பிரசுரத்தை அது மறு அஞ்சலில் அனுப்பிவிடும். 1991 ஆகஸ்டில், லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் பால் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக சாஸ்திரி, ஆராய்ச்சிக் கட்டுரைகளை இவ்வாறே மின்னஞ்சல் வழியாகத் தானாக வழங்கும் நிலையமொன்றைத் தொடங்கினார். இக்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட 'ஆர்க்கைவ்' அதுவேயாகும். தமிழில், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2013-இல் தோன்றிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தலமும் நூல்களை விலையின்றி இறக்கிக்கொள்ளத் தந்து வருகின்றன. திருவண்ணாமலையிலேயே ஸ்ரீ ரமணாசிரமத்தார் 'சரணாகதி' என்னும் மடலை விலையின்றி மின்னஞ்சல் வழியே வெளியிட்டு, அதன் முந்திய இதழ்களைத் தம் வலைத்தலத்தில் எவரும் இறக்கிக்கொள்ள வைத்துள்ளனர். மலையடிவாரத்திலிருந்து கடல் கடந்த தேசங்களுக்கு மடல் செல்லும்பொழுது, அதே ஊரிலிருந்து போளூருக்கும் செங்கத்துக்கும் கடலைப் பிரசுரம் செல்ல யாதொரு தடையும் இருக்க நியாயமில்லை.

குறுஞ்செய்தி போதாதா என்று சிலர் வினவக்கூடும். 2013 ஜூலையில் மத்திய சர்க்கார் தொடங்கிய எம்-கிஸான் ஏற்பாடு குறுஞ்செய்தியையே கருவியாகக் கொண்டது. எச்சரிக்கைக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு குறுஞ்செய்தியில் தமிழில் 70 குறியீடுகளே அடங்கும். அதிலும் 'கொ' என்பது போன்ற எழுத்து இரண்டு குறியீடுகளாகக் கணக்கிடப்படும். விதை நேர்த்தி முதல் அறுவடை வரையிலான விவரத்தை அதில் அடைப்பது, கலத்து நெல்லை ஆழாக்கில் அளந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

குடியானவரிடம் மின்னஞ்சல் முகவரி உண்டா?

பெரும்பாலோரிடம் உண்டு, ஆயினும் அது உண்டென்பதைப் பலர் அறியார். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செயலிகளை ஏற்றுவதற்குக் கூகிள் கணக்கு வேண்டுமாதலால், கைப்பேசி வாங்கிய அன்றே கடைக்காரர் ஒரு ஜிமெயில் முகவரியை உண்டாக்கித் தந்திருப்பார். முகவரி எது, கடவுச்சொல் எது என்பது கடைக்காரருக்கும் இப்போது நினைவிராது. வேறு சிலருக்காக இ-சேவை மையத்தினர் விண்ணப்பம் நிரப்பும்போது தம்முடைய முகவரியையே எழுதிவிடுவதும் உண்டு. இவ்விரண்டும் அற்ப விஷயங்கள்போல் தோன்றினும், இம்முறையின் அஸ்திவாரத்தையே தொடுவனவாகும். தவறான முகவரிக்குச் செல்லும் பிரசுரம், சென்றதாகவே யந்திரத்தின் கணக்கில் ஏறும். குடியானவரோ, "பெயர் கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை" என்று சங்கத்தின்மீது நம்பிக்கை இழப்பார்.

இதற்குப் பரிகாரம், உறுதிப்படுத்தும் அஞ்சல். படிவத்தில் முகவரி பதிந்தவுடன் பிரசுரத்தை அனுப்பாமல், முதலில், "இம்முகவரி தங்களுடையதாயின் இங்கே தொடுக" என்று ஒரு சிறு கடிதம் செல்ல வேண்டும். அதைத் தொட்டவருக்கே பிரசுரம் செல்லும். இதனால் ஒரு படி கூடுகிறது. சிலர் அப்படியில் தங்கிவிடுவர் என்பதும் மெய். ஆயினும் பதிவு செய்யும்போது கிராம உதவியாளரோ சங்கத்தின் எழுத்தரோ பக்கத்தில் இருந்து, அவருடைய கைப்பேசியிலேயே அஞ்சலைத் திறந்து காட்டிவிட்டால் இந்த நஷ்டம் பெரிதும் குறையும். அந்த ஒரு முறை திறந்து காட்டுவது, பின்னர் வரும் பத்துக் கடிதங்களை வாசிக்கச் செய்யும்.

அனுப்பும் வழிகள்

மூன்று வழிகள் உள. முதலாவது செலவற்றது. ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, அதன் அமைப்புகளில் வார்ப்புருக் கடிதம் ஒன்றைத் தயாரித்து வைத்து, குறித்த சொல் அடங்கிய அஞ்சல் வந்தால் அக்கடிதத்தை மறுமொழியாக அனுப்புமாறு ஒரு வடிகட்டியை ஏற்படுத்தலாம். மேலே கூறிய அல்மனாக் ஏற்பாட்டின் எளிய உருவமே இது. இவ்விடத்தில் உள்ளூர் வழக்கைக் கவனித்தல் அவசியம். 'நிலக்கடலை' என்ற சொல்லை மட்டும் வடிகட்டியில் இட்டவர், 'வேர்க்கடலை' என்றும் 'மணிலா' என்றும் 'மல்லாட்டை' என்றும் எழுதுவோருக்குப் பதில் இல்லாமற் செய்துவிடுவார். ஆரணிப் பக்கத்துக் குடியானவர் அகராதியைப் பார்த்து அஞ்சல் எழுதமாட்டார். எல்லாப் பெயர்களையும் ஏற்றி வைப்பது அமைப்பவரின் கடமை.

இரண்டாவது, கூகிள் படிவமொன்றை உண்டாக்கி, அது நிரப்பப்பட்ட கணமே கடிதம் செல்லும்படி 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்னும் சிறு கட்டளைத் தொடரை இணைத்து வைப்பது. கணிதம் பயின்ற கிராமத்து இளைஞர் ஒருவர் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்ளக்கூடும். சாதாரணக் கணக்கில் நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் இவ்வழியில் அனுப்ப இயலாது. படிவத்தின் முகவரியைச் சதுரக் குறியீடாக அச்சிட்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சுவரிலும், விதை விற்கும் இடத்திலும் ஒட்டிவிட்டால், கைப்பேசிக் காமிராவைக் காட்டியவருக்குப் படிவம் தானே திறக்கும்.

மூன்றாவது, மெயில்சிம்ப், ஸோஹோ காம்பெயின்ஸ் போன்ற சேவைகளை அமர்த்துவது. பிற்கூறியது, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்துள்ள நிறுவனத்தாருடையது. உறுதிப்படுத்தும் அஞ்சல், வரவேற்புக் கடிதம், அதன்பின் குறித்த நாட்களில் செல்லவேண்டிய தொடர் கடிதங்கள் ஆகிய யாவும் இவற்றில் ஆயத்தமாகவே அமைந்திருக்கும். ஒரு பிர்க்காவின் 200, 300 குடியானவர்களுக்கு இரண்டாவது வழியே போதும். மாதக் கட்டணம் கட்டிப் பெருஞ் சேவையை அமர்த்துவது, ஒரு மரக்கால் நெல்லை ஏற்ற லாரி பிடிப்பதுபோலாகும். ஜில்லா முழுவதற்கும் அனுப்புவோரே மூன்றாவதை நாடத் தக்கவர்.

கடிதத்தோடு சேர்ப்பதா, சுட்டி தருவதா?

பிரசுரத்தைக் கடிதத்தோடு இணைத்தே அனுப்பிவிடலாம் என்று முதலில் தோன்றும். வாசகருக்கு அதுவே சௌகரியம்போலவும் காணும். ஆயினும் இணைப்பாகச் செல்லும் கோப்பு, வழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. ஜிமெயில் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட இணைப்பை ஏற்பதில்லை. பெருங் கோப்புடன் வரும் அறியாதவர் கடிதத்தை அஞ்சல் நிலையங்கள் சந்தேகிக்கவும் செய்யும். இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு: அனுப்பிய இணைப்பைத் திருத்த முடியாது. சுட்டியைத் தந்து, கோப்பைக் கூகிள் டிரைவ் போன்ற பொது இடத்தில் வைத்தால், அதே சுட்டியின்கீழ்ப் புதிய பதிப்பை ஏற்றிவிடலாம்; ஆறு மாதத்திற்கு முன் கடிதம் பெற்றவர் இன்று தொட்டாலும் திருத்திய பிரசுரமே திறக்கும். இதன் அருமை பின்னர் விளங்கும்.

டிரைவில் வைப்போர் செய்யும் தவறு ஒன்று வழக்கமாகக் காணப்படுகிறது. அங்கு வைக்கும் கோப்பு, வைத்தவர் மட்டுமே காணத்தக்கதாகத்தான் முதலில் இருக்கும். 'சுட்டி உடைய எவரும் காணலாம்' என்று மாற்றாவிடின், குடியானவர் தொட்டவுடன், அனுமதி கோருமாறு ஆங்கிலத்தில் ஒரு பலகை எதிர்ப்படும். அவர் கைப்பேசியை மூடிவிடுவார். அமைத்தவருக்கோ தம் கணக்கில் அது நன்றாகத் திறப்பதால் குற்றம் தெரியாது. ஆகவே தம்முடையதல்லாத வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்த பின்னரே சுட்டியை வெளியிடுதல் வேண்டும்.

பிரசுரத்தின் பருமனும் கவனத்திற்குரியது. அச்சுத் தாள்களைப் படமெடுத்துச் சேர்த்த பி.டி.எப். கோப்பு, பக்கம் சிலவே ஆயினும் பல மெகாபைட் எடையாகும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் சமிக்ஞை மெலிந்திருக்கையில் அது பாதி வழியில் நின்றுவிடும். எழுத்தாகவே தட்டெழுதி, படங்களைச் சுருக்கிச் சேர்த்தால் 4 பக்கப் பிரசுரம் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தலத்தினர் பெரிய தாளுக்கென ஒரு பி.டி.எப்.பும், 6 அங்குலத் திரைக்கென வேறொன்றும் தருவது பின்பற்றத்தக்கது. பெரிய தாளின் பக்கத்தைக் கைப்பேசியில் விரலால் இழுத்திழுத்து வாசிக்குமாறு வயதான மிராசுதாரரைக் கேட்பது நியாயமன்று.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பிரசுரத்தின் வாசகத்தைப் பெயர்த்துக் கடிதத்தில் ஒட்டினால், வாசகரின் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். தமிழ்நாடு சர்க்கார் 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றனர். கடிதம் யூனிகோடிலும், கோப்பு எழுத்துருவைத் தன்னுள்ளே பொதிந்தும் இருக்க வேண்டும்.

முதற் கடிதத்தின் வாசகம்

முதற் கடிதம் சுருக்கமாக இருத்தல் நன்று. அனுப்புவோர் யார், எதற்காக வந்தது, எங்கே தொடுவது, வேண்டாமாயின் எப்படி விலகுவது என்ற நான்கும் கைப்பேசியின் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். கீழ்க்கண்டது ஒரு மாதிரி:

"அன்புடையீர், வணக்கம். எமது சங்கத்தின் மாத மடலுக்குத் தாங்கள் பெயர் பதிந்துகொண்டமைக்கு நன்றி. தாங்கள் கோரிய 'மானாவாரி நிலக்கடலை' என்னும் பிரசுரம் இங்கே உள்ளது, தொட்டு இறக்கிக்கொள்க. 4 பக்கம், 400 கிலோபைட், இவ்வருஷம் ஆனி மாதம் சரிபார்க்கப்பட்டது. தாங்கள் விதைத்த, அல்லது விதைக்கப்போகும் தேதியை இக்கடிதத்திற்கு மறுமொழியாக எழுதினால், அந்தந்தப் பருவத்திற்கு உரிய குறிப்புகள் உரிய நாளில் வரும். சந்தேகம் உடனே தீரவேண்டுமாயின் கிஸான் கால் சென்டர் 1800-180-1551. மடல் வேண்டாமாயின் இங்கே தொடுக."

இம்மாதிரியில் விதைப்புத் தேதியைக் கேட்டிருப்பது காரணத்தோடு கூடியது. தொடர் கடிதங்களை அனுப்பும் சேவைகள் யாவும், பெயர் பதிந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு எண்ணும்படி அமைந்தவை. பட்டணத்து வியாபாரத்திற்கு அது சரியாயிருக்கலாம், பயிருக்குச் சரியன்று. நிலக்கடலைக்கு விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்தல் வேண்டும். இறவையில் விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தல் வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பொறுத்து 40-ஆம் நாளுக்கும் 75-ஆம் நாளுக்கும் இடையில் இது செய்யப்படும். கலசபாக்கத்தில் ஒருவர் விதைத்து 38-ஆம் நாள் பெயர் பதிந்தார் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு அன்று விதை நேர்த்திக் கடிதமும், அதற்கு 40 நாள் கழித்து ஜிப்சக் கடிதமும் செல்லும். முன்னது பயனற்றது, பின்னதோ, பூவின் ஊசிகள் மண்ணில் இறங்கிக் காய் பிடித்த பின்னர்ச் செடியைக் கிளறச் சொல்வதாகையால் தீங்கானது. ஆகவே கடிகாரம் விதைப்புத் தேதியிலிருந்தே ஓட வேண்டும். பெரும்பாலான சேவைகளில் சந்தாதாரரின் பெயரோடு ஒரு தேதியையும் பதிந்து, அத்தேதியிலிருந்து எண்ணிக் கடிதம் அனுப்புமாறு கட்டளையிட இயலும். கூகிள் படிவத்தைக் கொண்டு செய்வோர் விதைப்புத் தேதி என்னும் கட்டத்தைப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம்.

யந்திரத்தின் குருட்டுத்தன்மை

இனி, முன்னே குறிப்பிட்ட அபாயம். பழைய நிலக்கடலைப் பிரசுரங்களில், சுருள் பூச்சி முதலியவற்றிற்குப் பாஸ்பாமிடான், டைகுளோர்வாஸ் போன்ற மருந்துகள் சிபாரிசு செய்யப்பட்டிருக்கும். எழுதிய காலத்தில் அது குற்றமன்று. மத்திய சர்க்கார் 2018 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவின்படி, பாஸ்பாமிடான், டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் முதலியவற்றின் உபயோகம் 2020 டிசம்பர் 31 முதல் அறவே தடுக்கப்பட்டது. மிதைல் பாரத்தியான் முதலிய வேறு சில, உத்தரவு வெளியானபோதே நிறுத்தப்பட்டன. எண்டோசல்பானை 2011 மே மாதத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது.

2017-இல் ஒரு சங்கத்தார் மிக்க சிரத்தையோடு ஒரு பிரசுரத்தைத் தயாரித்து, வரவேற்புக் கடிதத்தில் அமைத்து வைத்தனர் என்று கொள்க. 2021-இல் அவர்களுடைய மாத மடலில் தடை உத்தரவைப் பற்றித் தெளிவாகவே எழுதினர். பழைய சந்தாதாரர் அனைவரும் அதைப் பெற்றனர். ஆனால் வரவேற்புக் கடிதத்தை எவரும் நினைக்கவில்லை. ஏனெனில், சங்கத்தில் உள்ளோர் எவரும் புதுச் சந்தாதாரர் அல்லராதலால், அக்கடிதம் அவர்களில் ஒருவர் கண்ணிலும் மறுபடி படவில்லை. 2022 ஆடியில் பெயர் பதிந்த குடியானவருக்கு அந்தப் பழைய பிரசுரமே சென்றது. பல ஆண்டுகளாக மடலை வாசிப்பவருக்குப் புதிய செய்தியும், இன்று வந்தவருக்குப் பழைய செய்தியும் போவது இம்முறையின் விசித்திரம். சங்கத்தின் பெயர் அச்சிட்டுள்ளதால் அதை வேதவாக்காகக் கொண்டு, எங்கோ மிஞ்சிக் கிடந்த மருந்தைத் தேடி வாங்கிக் கைத்தெளிப்பானில் ஊற்றுபவர் அந்தப் புதியவரே. குமாஸ்தாவாயின் பத்தாவது பிரதியை உறையிலிடும்போதாவது, "இந்த மருந்தை நிறுத்திவிட்டார்களே" என்று ஒருகணம் கை தயங்கியிருப்பார். யந்திரத்திற்குக் கை இல்லை, தயக்கமும் இல்லை.

ஆதலின் இதை அமைப்பவர், அமைத்த அன்றே பரிசீலனைத் தேதிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஜில்லாவின் கடலைக்கு ஆனிப் பட்டத்திற்கு முன் ஒரு முறையும், மார்கழி இறவைப் பட்டத்திற்கு முன் ஒரு முறையும் போதுமானவை. அத்தேதிகளில் பொறுப்பாளர் தாமே ஒரு புதிய முகவரியைக் கொண்டு, முன்பின் அறியாதவர்போலப் பெயர் பதிந்து, வருகின்ற கடிதங்கள் அனைத்தையும் வரிசையாக வாசித்துப் பார்த்தல் வேண்டும். மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் விவசாய உதவி அலுவலரிடமோ, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டிலோ ஒப்பிட்டுக்கொள்ளலாம். சிறுதானியப் பிரசுரமாயின் திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் அப்பல்கலைக்கழகத்தாரின் சிறுதானிய மகத்துவ மையம் உள்ளது. அங்கே வெளியான சாமை ரகம் முன்னைய பிரசுரங்களில் இராது. சுட்டி முறையைக் கையாண்டவர் திருத்திய கோப்பை அதே இடத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இணைப்பாக அனுப்பியவர், இதுவரை பெற்றவர் அனைவருக்கும் தனித் திருத்தக் கடிதம் எழுத வேண்டியவராவார். அதை எத்தனை பேர் திறப்பர் என்பது சந்தேகமே. குடியானவர் கோப்பை வாட்ஸ்அப்பில் மைத்துனருக்கும் அண்டை வயல்காரருக்கும் அனுப்புவது நிச்சயமாதலால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருப்பது அவசியம். தலைப்புப் பக்கத்தில் மட்டும் அச்சிட்டால் போதாது. மருந்துப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவோரே அதிகம்.

ஒப்புதலும் முத்திரையும்

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடங்கலிலும் பட்டா விண்ணப்பங்களிலும் நிலக்காரரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் ஒரு சங்கத்தின் மடலுக்குச் சேர்த்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர் உண்டு. அவ்வாறு செய்தல் தகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது குறித்த நோக்கத்திற்கென மனமறிந்து அளிக்கப்பட வேண்டும் என்றும், அளித்தது எத்தனை எளிதோ அத்தனை எளிதாக அதை விலக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிரசுரம் ஒன்றை மட்டும் கேட்டவரை மடலுக்கும் சேர்ப்பதாயின், படிவத்திலேயே அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். உரம் விற்கும் கடைக்கு அம்முகவரிப் பட்டியலைத் தருவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுவதில்லை.

அனுப்பும் கடிதம் வேண்டாத அஞ்சல்களின் குப்பைப் பெட்டியில் விழாமலிருக்கச் சில முத்திரைகள் தேவை. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும், அஞ்சல் அனுப்புவோர் தம் அடையாளத்தை எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். என்னும் குறிகளால் மெய்ப்பிக்க வேண்டுமென விதித்துள்ளன. நாளொன்றுக்கு 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு மேல் அனுப்புவோர் இரண்டையும் டி.எம்.ஏ.ஆர்.சி. என்னும் மூன்றாவதையும் கொண்டிருப்பதோடு, ஒரே தொடுதலில் விலகும் வழியும் தரவேண்டும் என்றும் கூகிள் கூறுகிறது. வேண்டாத அஞ்சலென்று வாசகர் புகாரிடும் அளவு நூற்றுக்கு 0.3-ஐ எட்டக்கூடாது. கடிதத்தின் அடியில் கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் இல்லாவிடில் கஜானாவில் ஏற்காததுபோல் இதுவும். ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகக் காட்டி வேறொரு சேவை வழியே அனுப்பினால் முத்திரை பொருந்தாமற் போகுமாதலால், பெரிய அளவில் செய்யும் சங்கத்தார் டொமைன் எனப்படும் சொந்த முகவரிப் பெயரொன்றை வருஷக் கட்டணத்திற்கு வாங்கிக்கொள்ளுதல் நலம். மேற்கூறிய சிறு முறைகளில், ஜிமெயிலிலிருந்தே நேராக அனுப்புவோருக்கு இத்தொல்லை இல்லை.

ஓராண்டாக எந்தக் கடிதத்தையும் திறவாத முகவரிகளை, "மடல் இன்னும் வேண்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எடுக்குமுன் அக்குடியானவரின் கிராமத்தில் ஒருவரைக் கொண்டு விசாரிப்பது உசிதம்; கைப்பேசி மாறி முகவரி தொலைந்திருக்குமாயின், புது முகவரியை அங்கேயே படிவத்தில் பதிந்து, அடுத்த மழைக்கு முன் பிரசுரம் அவர் கைக்குச் சேர்ந்ததா என்று திறந்து பார்த்துவிட்டு வரலாம்.